டாக்டர் "ரெஸ்ட்"னு எழுதுனா படுத்தே கெடக்கணுமா? அம்மாவுக்கு 19 நாள் ஆச்சு

கொங்குப்பையன்_ஈரோடு:
வணக்கங்க, கொஞ்சம் கொழப்பத்துல இருக்கேன், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. அம்மாவுக்கு 54 வயசு. போன மாசம் கிரைண்டர் கல்லத் தூக்கறப்ப இடுப்பு பிடிச்சுக்கிச்சு, குனிஞ்சது குனிஞ்சபடியே நிக்கறாங்க, நிமிர முடியல. எலும்பு டாக்டர்கிட்ட கூட்டீட்டுப் போனோம், எம்ஆர்ஐல எல்4 எல்5 டிஸ்க் பல்ஜ்னு வந்துச்சு, அதாவது இடுப்புகிட்ட ரெண்டு முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற தட்டு பிதுங்கியிருக்காம். மாத்திரை எழுதிக் குடுத்துட்டு "நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா"ன்னாரு, சீட்டுலயும் கடைசி வரில ரெஸ்ட்னு மட்டும் இருக்கு. எத்தன நாளு, எப்படின்னு அவரும் சொல்லல நாங்களும் கேக்கல, வெளிய நாப்பது பேரு டோக்கனோட நிக்கறப்ப எங்கங்க கேக்கறது.

வீட்டுக்கு வந்தா பெரியம்மா "தரையில கால வெச்சீன்னா டிஸ்க் நழுவி கால் வெளங்காமப் போயிரும்"னு பயமுறுத்தி வெச்சிருச்சு. அப்பறம் சாப்பாடு கட்டில்லயே, பக்கத்துலயே கமோடு சேர். வலி இப்ப பாதிக்கு மேல கொறஞ்சிருச்சு. ஆனா நேத்து குளிக்கலாம்னு எந்திரிச்சவங்க ரெண்டு எட்டு வெக்கறதுக்குள்ள கண்ணு இருட்டி பீரோ கைப்பிடியப் புடிச்சுட்டு நின்னுட்டாங்க, தொடை ரெண்டும் நடுங்குது. இது இடுப்பால வந்ததா, படுத்ததால வந்ததா? ரெஸ்ட்னா என்னதாங்க அர்த்தம்?

பிசியோ_சேலம்:
சகோ, மொதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. ஒண்ணுக்கு வராம அடைக்குதா, இல்ல தெரியாமயே போகுதா, உக்கார்ற எடத்துல மரத்துப் போச்சா, பாதம் தூக்க முடியாமத் தொங்குதா? இதுல ஒண்ணு இருந்தாக்கூட இத மேற்கொண்டு படிக்காதீங்க, இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அதெல்லாம் இல்லன்னா, படுத்ததால வந்ததாத்தான் பெரும்பாலும் இருக்கும். நாள்கணக்கா படுத்தே இருந்தா நிக்கறப்ப ரத்தத்த மேல தள்ற பழக்கமே ஒடம்புக்கு விட்டுப் போயிரும், எந்திரிச்சதும் பிபி எறங்கி கண்ண இருட்டும். நரம்பு வலிக்குன்னு குடுக்கற சில மாத்திரையும் தலை சுத்த வெக்கும், அதனால சீட்ட எடுத்துட்டுப் போயி ஒருக்கா பிபி பாத்துட்டு வந்துருங்க. கெண்டைச்சதை அசையாமக் கெடந்தா கால்ல ரத்தம் கட்ற ஆபத்து வேற, ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா சும்மா விட்றாதீங்க.

1986லயே அமெரிக்காவுல இடுப்பு வலிக்காரங்கள ரெண்டா பிரிச்சு ஒரு கூட்டத்துக்கு 2 நாள் பெட் ரெஸ்ட், இன்னொரு கூட்டத்துக்கு 7 நாள்னு சொல்லிப் பாத்தாங்க. 2 நாள்காரங்க சீக்கிரமா வேலைக்குத் திரும்பிட்டாங்க, 7 நாள் படுத்தவங்களுக்குத் தனியா ஒரு லாபமும் இல்ல. 1966ல டல்லாஸ்ல இன்னொண்ணு, 20 வயசுப் பசங்க 5 பேர 3 வாரம் படுக்க வெச்சாங்க. 30 வருஷம் கழிச்சு அதே அஞ்சு பேரத் திரும்ப டெஸ்ட் பண்ணுனா, அந்த 3 வாரப் படுக்கை அவங்க தெம்பக் கொறச்ச அளவுக்கு முப்பது வருஷ வயசு கொறைக்கல. இருவது வயசுப் பசங்களுக்கே இந்தக் கதி, அம்மாவுக்கு 54.

டிஸ்க் பல்ஜ்ங்கற வார்த்தையப் பாத்தும் பயப்பட வேண்டாம், வலியே இல்லாதவங்க அம்பது பேர அந்த வயசுல ஸ்கேன் எடுத்தாலும் பாதிப் பேருக்கு மேல இருக்கும். எழுப்பறப்ப நேரா ஒக்கார வெக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுத்து, காலக் கீழ தொங்கப் போட்டு, கையூனி எந்திரிக்கணும், அப்படியே ரெண்டு நிமிசம் ஒக்காந்துட்டு அப்பறம் நிக்கச் சொல்லுங்க. இன்னைக்கு வாசல் வரைக்கும் போதும். குனியறது, பாரம் தூக்கறது, ஒரே எடத்துல மணிக்கணக்கா ஒக்கார்றது, இதுக்குத்தான் ரெஸ்ட்.

நைட்டூட்டி_சிஸ்டர்:
பிசியோ சார் சொல்றது சரி. இந்த ரெஸ்ட்ங்கற ஒரு வார்த்தையால வார்டுல நாங்க படற பாடு இருக்கே. கணைய வீக்கத்துக்கு வந்தவருக்கு "பவல் ரெஸ்ட்"னு எழுதியிருந்துச்சு, அதாவது வாய்வழியா ஒண்ணும் போகக் கூடாது, குடலுக்கும் கணையத்துக்கும் தான் ரெஸ்ட். கூட இருந்த மச்சான் "ரெஸ்ட்டுனு தான சிஸ்டர் போட்ருக்கு, எளநி ஒடம்புக்கு நல்லதாச்சே"ன்னு பாதி எளநிய ஊத்திவிட்டுட்டு நிக்கிறாரு 🤦‍♀️

இன்னொண்ணு, நஞ்சுக்கொடி கீழ எறங்கியிருக்குன்னு ஒரு கர்ப்பிணிக்கு "பெல்விக் ரெஸ்ட்" எழுதுனாங்க. அதுக்கு முக்கியமான அர்த்தம் புருஷன் பொண்டாட்டி சேரக்கூடாது, ரத்தப்போக்கு வந்துரும்ங்கறது. அத வாய்விட்டுச் சொல்ல எல்லாருக்கும் கூச்சம். அந்தப் புள்ள ஒரு மாசம் கட்டில விட்டு எறங்கல, ஆனா எத விடணுமோ அத மட்டும் யாரும் சொல்லித் தரல. எதுக்கு ரெஸ்ட்டுனு கேட்டுட்டு வாங்க, டோக்கன்காரங்க ஒரு நிமிசம் பொறுத்துக்குவாங்க.

பாட்டுடீச்சர்_திருச்சி:
சிஸ்டர் சொன்னதும் என் கதை ஞாபகம் வருது. தொண்டைல குரல் நாண்ல நாடியூல், அதாவது சின்ன முடிச்சு, ஈஎன்டி ஒரு வாரம் வாய்ஸ் ரெஸ்ட்னாங்க. நானும் சத்தமா பேசாம கிளாஸ்ல பூரா கிசுகிசுன்னே பேசிச் சமாளிச்சேன். திரும்பப் போனப்ப டாக்டரம்மா திட்டு திட்டுன்னு திட்டிட்டாங்க, கிசுகிசுக்கறதும் தொண்டைய இறுக்குமாம். அப்புறம் கழுத்துல சிலேட்டக் கட்டிக்கிட்டு அலைஞ்சேன், மூணாங்கிளாஸ் பிள்ளைங்க எழுத்துப் பிழை கண்டுபிடிக்குதுங்க.

மதுரைக்காரன்77:
எங்கப்பா விஷயத்துல இந்த வார்த்தை வேற மாதிரி விளையாண்டுருச்சு. சுகர் இருவது வருசமா, பீடியும் உண்டு. ராத்திரியான காலு எரியுது வலிக்குதுன்னு கட்டில்ல இருந்து ஒரு காலத் தொங்கப் போட்டுக்கிட்டுத்தேன் தூங்குவாரு. ரிப்போர்ட்ல "ரெஸ்ட் பெயின்"னு போட்ருந்துச்சு. நாங்க ரெஸ்ட் எடுத்தா வலி போயிரும்னு புரிஞ்சுக்கிட்டு மனுசன நடக்கவே விடல. ஆனா அதுக்கு அர்த்தமே வேற, சும்மா இருக்கும்போதே வலிக்குற அளவுக்குக் காலுக்கு ரத்தம் போகலன்னு. காலத் தொங்கப் போட்டா கொஞ்சம் ரத்தம் எறங்குது, அதான் அவருக்குச் சுகமா இருந்துருக்கு. ரத்தக்குழாய் டாக்டர்ட்ட போறதுக்குள்ள ஒரு விரலு கருத்துப் போச்சு, எடுத்துட்டாங்க. வீட்ல யாராவது அப்பிடித் தொங்கப் போட்டுத் தூங்குனா லேசா விட்றாதீங்கப்பா.

சமையல்கட்டு_ராணி:
தம்பி, எல்லாரும் மருத்துவம் சொல்லிட்டாங்க, நான் வேற ஒண்ணு கேக்கறேன். வலி பாதி கொறஞ்சும் அம்மா ஏன் எந்திரிக்கல? பெரியம்மா சொன்னதுக்குப் பயந்துதானா? எனக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனப்ப, கல்யாணமாகி இருவத்தி மூணு வருஷத்துல மொத தடவையா என் கைக்குக் காபி வந்துச்சு. எந்திரிச்சுட்டேன்னு தெரிஞ்சா அன்னிக்கே அடுப்பு என் தலையில. தையல் பிரிச்சப்புறமும் வலிக்குதுன்னு பத்து நாள் பொய் சொன்னேன், இங்க யாருக்கும் நான் யாருன்னு தெரியாதுன்னுதான் எழுதறேன்.

கொங்குப்பையன்_ஈரோடு:
எல்லாருக்கும் நன்றிங்க. பிசியோ அண்ணா கேட்டது எதுவும் அம்மாவுக்கு இல்ல. நேத்து மறுபடி டாக்டர்கிட்ட போயி டோக்கன்காரங்க மொறைக்க மொறைக்க நின்னு கேட்டேன். "நான் எங்கங்க படுக்கச் சொன்னேன், பாரம் தூக்காதீங்கன்னுதான் சொன்னேன்"ங்கறாரு! பிபி கொஞ்சம் கம்மியா இருக்குன்னு ஒரு மாத்திரைய நிறுத்தீட்டாரு. காலைல வாசல் வரைக்கும், சாயங்காலம் பக்கத்து வீட்டு வேப்பமரம் வரைக்கும் நடந்தாங்க.

ராணி அக்கா, நீங்க கேட்டத அம்மாகிட்ட அப்படியே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "எந்திரிச்சா நாளைக்கே மாவாட்டச் சொல்லுவீங்கல்ல"ன்னாங்க. இன்னைக்கு அப்பாதான் ஆட்டுனாரு. உளுந்துல தண்ணி சாஸ்தியாகி கஞ்சி மாதிரி ஓடுது, இட்லிக்கெல்லாம் ஆகாது. அம்மா சேர்ல ஒக்காந்து பாத்துட்டே இருந்தாங்க, ஒரு வார்த்த சொல்லல.