புதுப்பிப்பு: 1 டிபி ஹார்டு டிஸ்க் 931 ஜிபி என்று காட்டியதன் காரணம்

கிருஷ்ணகிரியில் கல்யாண வீடியோக்களைச் சேமிக்க வாங்கிய 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸில் 931 ஜிபி என்றே காட்டுகிறது, கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாமா என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

முதலில் ஃபார்மட் செய்து பார்த்தேன், எண் மாறவில்லை. 1024-ஆல் மூன்று முறை வகுக்கச் சொன்னவரின் யோசனைதான் தீர்வு தந்தது. டிரைவின் பிராப்பர்டீஸைத் திறந்தால், ஜிபி கணக்குக்குப் பக்கத்திலேயே பைட்டு எண்ணிக்கை முழுதாக இருக்கிறது: ஒரு லட்சம் கோடிக்குச் சற்றுக் கூடுதல். ஒரு லட்சம் கோடியை 1024-ஆல் ஒருமுறை வகுத்தால் 97,65,62,500. மூன்றாம் முறை 931.32. ஆக, தயாரிப்பாளர் 1000-இன் அடுக்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-இன் அடுக்கில் எண்ணிவிட்டு அதையும் ஜிபி என்றே எழுதுகிறது. இரண்டாவதற்கு ஜிபிபைட்டு (gibibyte, சுருக்கமாக GiB) என்ற தனிப்பெயர் 1998 முதலே உண்டு. விண்டோஸ் அதைப் பயன்படுத்தியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

எதிர்பாராதது ஒன்று: தம்பியின் உபுண்டு லேப்டாப்பில் இதே டிஸ்க் 1.0 டிபி என்று காட்டியது. அதில் 950 ஜிபி என்று தெரிந்த கோப்புகள் 931-இல் அடங்காது என்று பயந்தேன். ஆனால் விண்டோஸ் கணக்கில் அவை சுமார் 885 ஜிபிதான், முழுவதும் ஏறிவிட்டன. கடையில் வேறு கேட்டுவிட்டேன், நாளை நேரில் போய் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

64 ஜிபி பென்டிரைவ் 59.6 என்று காட்டினாலும் இதே காரணம்தான்.