வாசலுக்கு முன்னால் ஒரு சிறு அறை: இங்கிலாந்தில் அனுமதி வேண்டுமா?

கொழும்பிலிருந்து லண்டனுக்குப் போய், இப்போது சொந்தமாக ஒரு வரிசை வீடு வாங்கியிருக்கும் தங்கை ஒருவர், முன்கதவைத் திறந்தவுடன் குளிர்காற்று நேரே ஹோலுக்குள் வருகிறது, சப்பாத்துகளுக்கும் பிள்ளையின் தள்ளுவண்டிக்கும் இடமில்லை, ஆகவே வாசலுக்கு முன்னால் சிறிதாக ஓர் அறை இறக்கலாமா, அதற்குக் கவுன்சிலின் அனுமதி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். லண்டனின் ஹரோ பகுதியில் 19 வருடங்கள் குடியிருந்துவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பிய எனக்கு இது பட்டு அறிந்த விடயம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே கொழும்பில் வீட்டின் முன்பக்கத்தை நீட்டுவதென்றால் வரைபடம் கீறி, மாநகர சபையில் கொடுத்து, வீதிக்கோட்டுக்கு இடம் விட்டு, வேலை முடிந்தபின் இணக்கச் சான்றிதழும் எடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தோடு போகிறவர்களுக்கு இங்கிலாந்தின் முறை முதலில் பிடிபடாது. அங்கே சில சிறு வேலைகளுக்குச் சட்டமே முன்கூட்டிப் பொது அனுமதி கொடுத்து வைத்திருக்கிறது. ‘பெர்மிட்டட் டெவலப்மென்ட்’ என்பது அதற்குப் பெயர். அந்த வேலைகளைப் பட்டியலிடும் 2015 ஆம் ஆண்டின் ஆணையில், வெளிக்கதவுக்கு முன்னால் கட்டப்படும் ‘போர்ச்’ அந்தப் பட்டியலில் இருக்கிறது. அளவுகளுக்குள் நின்றால் விண்ணப்பமே தேவையில்லை.

அளவுகள் மூன்று. தரைப்பரப்பு 3 சதுர மீற்றரைத் தாண்டக்கூடாது. எந்தப் பகுதியும் நிலத்திலிருந்து 3 மீற்றருக்கு மேல் உயரக்கூடாது. வீதியோடு சேரும் உங்கள் காணி எல்லையிலிருந்து 2 மீற்றருக்குள் எந்தப் பகுதியும் வரக்கூடாது. வாசிக்க எளிதாகத் தெரிந்தாலும், பலர் தவறுவது முதலாவதில்தான், ஏனென்றால் அந்த 3 சதுர மீற்றர் சுவரின் வெளிப்புறத்திலிருந்து அளக்கப்படுவது. வெளியே 2.4 மீற்றர் அகலம், 1.25 மீற்றர் நீளல் என்று கட்டினால் கணக்கு 3 சதுர மீற்றருக்குச் சரியாக வரும். ஆனால் சுவர்கள் 30 சென்ரிமீற்றர் தடிப்பு என்றால் உள்ளே கிடைப்பது 1.8 க்கு 0.95, அதாவது 1.7 சதுர மீற்றர் அளவுதான். உயரத்தை, நிலம் சரிவாக இருந்தால், கட்டடத்தை ஒட்டிய நிலத்தின் மிக உயர்ந்த இடத்திலிருந்து அளக்கிறார்கள். வீதி எல்லை என்பது வாகனம் ஓடும் தார்விளிம்பு அல்ல. பொது நடைபாதையும் வீதியின் பகுதியே.

அந்த வெளி அளவுக் கணக்கில்தான் நானும் பிழைவிட்டேன். உள்ளே 2.5 க்கு 1.2 என்று நாடா பிடித்து, சரியாக 3 என்று மனநிறைவோடு கட்டுவித்தேன். வேலை எடுத்தவரும், இவ்வளவு சிறியதற்கு யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்றார். இரண்டு வருடங்கள் ஆகுமுன்னரே கொழும்புக்குத் திரும்புவதற்காக வீட்டை விற்க முனைந்தபோது, வாங்க வந்தவர்களின் சொலிசிட்டர், அதாவது சட்டத்தரணி, முன் அறைக்கான அனுமதிப் பத்திரத்தைக் கேட்டார். வெளியே அளந்தால் நான்கரைக்கும் மேல். கட்டிய பிறகு அனுமதி கேட்டு விண்ணப்பித்து, பதில் வரும்வரை நான் காத்திருக்க, அவர்கள் காத்திருக்காமல் வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். இன்று நிலைமை இன்னும் இறுக்கமானது: அனுமதியின்றிக் கட்டியதன் மீது கவுன்சில் நடவடிக்கை எடுக்கக்கூடிய காலம் முன்பு 4 வருடங்களாக இருந்தது, 2024 ஏப்ரல் 25 முதல் முடிக்கப்படும் வேலைகளுக்கு 10 வருடங்களாகிவிட்டது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். போர்ச் என்பது வாசலுக்கு முன்னால் நிற்கும் தனி இடம். பழைய முன்கதவை எடுத்துவிட்டு அதை ஹோலோடு சேர்த்தால், அது வீட்டை முன்னால் நீட்டியதாகவே பார்க்கப்படும் நிலை வரும், வீட்டின் முதன்மை முகப்பைத் தாண்டி நீட்டுவதற்கோ பொது அனுமதி கிடையாது. கட்டட ஒழுங்குவிதிகளிலிருந்து கிடைக்கும் விலக்கும் அந்தக் கதவிலேயே தங்கியிருக்கிறது: இடைக்கதவு இருக்க வேண்டும், வீட்டின் சூடேற்றி முன் அறைக்கு இழுக்கப்படக்கூடாது, கண்ணாடியும் மின்இணைப்பும் பாதுகாப்பு விதிகளுக்கு அமைய வேண்டும். குளிருக்காகத்தான் கட்டுகிறோம் என்றால், இரண்டு கதவுகளுக்கு நடுவே அடைபடும் காற்றே குளிரைத் தடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்தப் பொது அனுமதி அடுக்குமாடி வீடுகளுக்கு, அதாவது ஃபிளாட்களுக்கு, இல்லை. பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களுக்குத் தனி அனுமதி வேண்டும். கவுன்சில் சில தெருக்களில் இந்த உரிமையை நீக்கியிருக்கலாம். புதிய குடியிருப்புத் திட்டங்களில் முதல் அனுமதியின் நிபந்தனையிலேயே அது எடுக்கப்பட்டிருக்கலாம். வீட்டு உறுதியில் முகப்பை மாற்றக்கூடாது என்ற வாசகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வரிசை வீடு என்பதால், பக்கத்து வீட்டிலிருந்து 3 மீற்றருக்குள் அவர்களுடைய அத்திவாரத்தைவிட ஆழமாகக் கிண்டுவதானால், 1996 ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதற்கு முதல் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது அயலுக்கு அழகு.

அளவுக்குள் வந்தாலும் ‘லோஃபுல் டெவலப்மென்ட் சேர்ட்டிபிக்கேற்’ என்ற, வேலை சட்டப்படியானது என்று உறுதிசெய்யும் சான்றிதழை வேலை தொடங்குமுன் கவுன்சிலிடம் எடுத்துவிடுங்கள். சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை, கட்டணமும் வழமையான விண்ணப்பத்தின் பாதி. நான் மட்டும் அதை எடுக்கப் போயிருந்தால் என் பிழை கடதாசியிலேயே பிடிபட்டிருக்கும்.

தங்கை, உங்கள் முன்சுவரிலிருந்து நடைபாதை வரை 3.1 மீற்றர் என்று எழுதியிருக்கிறீர்கள். 2 மீற்றரை விட்டால் நீங்கள் முன்னால் வரக்கூடியது 1.1 மீற்றர், முன்சுவரைக் கழித்தால் உள்ளே ஆழம் 80 சென்ரிமீற்றர். சப்பாத்துத் தட்டு வைக்கலாம், ஆனால் தள்ளுவண்டியை உள்ளே திருப்பிக் கதவைச் சாத்த முடியாது. ஆகவே பொது அனுமதிக்குள் நெருக்கிக் கட்டாமல், உங்களுக்குத் தேவையான அளவை வரைந்து முறையான விண்ணப்பம் போடுவதே நல்லது என்பது என் எண்ணம். முடிவுக்குச் சட்டம் வைத்திருக்கும் தவணை 8 வாரங்கள். அதே வரிசையில் வேறு வீடுகளுக்கு முன் அறை அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று கவுன்சிலின் இணையத்தளத்தில் உங்கள் தெருப் பெயரைப் போட்டு இன்றைக்கே தேடிப் பாருங்கள். இருந்தால் அந்த வரைபடத்தையே உங்கள் வரைவாளரிடம் காட்டலாம்.