கொலம்பியாவின் கார்த்தஹேனா: அப்பாவோடு போகிறேன், எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

அரைத்தூக்கம்:
பிப்ரவரியில் வேலை விஷயமாக பொகோட்டா போகிறேன். அது முடிகிற சமயத்தில் அப்பாவையும் வரவழைத்து, இரண்டு பேருமாக கார்த்தஹேனாவில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம் என்று யோசனை. அவருக்கு கோட்டை, போர், கப்பல் என்றால் சோறு தண்ணி வேண்டாம், ஆனால் முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம் வேறு. நான் தேடிப் பார்த்த வரையில் எல்லோரும் ஒரே போட்டோவைத்தான் போடுகிறார்கள்: பூ வழிகிற பால்கனி, மஞ்சள் சுவர், தலையில் பழத்தட்டு வைத்த பெண்மணி. அவ்வளவுதானா ஊர்? வரலாறு புரிகிற மாதிரி பார்க்க எங்கே ஆரம்பிப்பது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மதில்மேல்பூனை:
பழைய ஊருக்குள் ஆரம்பிக்காதீர்கள், தண்ணீரில் ஆரம்பியுங்கள் என்பதுதான் என் ஒரே அறிவுரை. 1533-இல் பேத்ரோ தே எரேதியா இங்கே ஊர் அமைத்ததே இந்த விரிகுடாவுக்காகத்தான். பெரு வெள்ளி பனாமா பக்கம் வந்து கப்பலேறும், இந்த நாட்டுத் தங்கமும் மரகதமும் இங்கேயே ஏறும், ஸ்பெயின் கப்பல் கூட்டம் மாதக்கணக்கில் இந்தத் துறைமுகத்தில்தான் ஒதுங்கி நிற்கும். இவ்வளவு பணம் ஒரே இடத்தில் குவிந்தால் யார் சும்மா இருப்பார்கள்? 1586-இல் பிரான்சிஸ் டிரேக் வந்து ஊரைப் பிடித்துவைத்துக்கொண்டு பணம் கறந்துவிட்டுப் போனார், 1697-இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து சூறையாடினார்கள். நீங்கள் பார்க்கப்போகும் மதில் எல்லாம் அடிபட்டு அடிபட்டு எழுந்ததுதான்.

விரிகுடாவுக்கு இரண்டு வாசல். போக்காகிராந்தே அகலமானது, போக்காசிக்கா குறுகலானது. அகல வாசலைக் காவல் காப்பது கஷ்டம் என்று 18-ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் கல்லைக் கொட்டி ஒரு சுவரே எழுப்பி அடைத்துவிட்டார்கள். அது இன்றும் இருக்கிறது, அதனால் பெரிய கப்பல் எதுவானாலும் இன்றைக்கும் போக்காசிக்கா வழியாகத்தான் நுழைய வேண்டும். அங்கே ஒரு கரையில் சான் பெர்னாந்தோ கோட்டை, எதிர்க்கரையில் தண்ணீர் மட்டத்திலேயே சான் ஹோசே பீரங்கி மேடை. நடுவில் நின்று பார்த்தால், இந்த இரண்டுக்கும் ஊடாக ஒரு கப்பலை ஓட்டி வர எவனுக்குத் துணிச்சல் வரும் என்று தோன்றும். மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற லா போதேகீத்தா படகுத்துறையில் விசாரித்தால் படகு கிடைக்கும்.

அப்புறம் சான் பெலிப்பே கோட்டை. 1741-இல் ஆங்கிலத் தளபதி வெர்னன் ஏறத்தாழ 180 கப்பலோடு வந்தார். எதிரே ஸ்பெயினின் பிளாஸ் தே லேசோவிடம் இருந்தது 6 போர்க்கப்பல். அவருக்கு ஒரு கண் கிடையாது, ஒரு கால் கிடையாது, ஒரு கையும் சரியாக வேலை செய்யாது. வெர்னன் வெளிவாசலைப் பிடித்ததுமே ஜெயித்தாகிவிட்டது என்று சேதி அனுப்ப, லண்டனில் லேசோ மண்டியிடுகிற மாதிரி பதக்கமே அடித்துவிட்டார்கள்! கடைசியில் கோட்டைத் தாக்குதலும் தோற்றது, மஞ்சள் காய்ச்சல் வேறு படையை வாரிக்கொண்டு போனது. உங்கள் அப்பாவுக்கு ஒரு உபரித் தகவல்: அந்தப் படையில் ஜார்ஜ் வாஷிங்டனின் மூத்த தாரத்து அண்ணன் லாரன்ஸும் இருந்தார், திரும்பிப் போய்த் தன் பண்ணைக்கு வைத்த பெயர்தான் மவுண்ட் வெர்னன். தோற்ற தளபதிக்கு அப்படி ஒரு மரியாதை.

உப்புக்காற்று:
பூனையார் சொன்னதில் தப்பில்லை, ஆனால் எப்போதும் தளபதிகள் கதையாகவே இந்த ஊரைச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. வெள்ளி ஏறிய அதே துறையில்தான் ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்கள் இறக்கப்பட்டார்கள். ஸ்பானிய அமெரிக்காவின் பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்று இது. மணிக்கூண்டு வாசலைத் தாண்டியதும் வருகிற பிளாசா தே லோஸ் கோச்சேஸ், இப்போது வளைவுகளுக்கடியில் மிட்டாய் விற்கிற இடம், அதுதான் அந்தச் சந்தை நடந்த இடம். எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சான் பேத்ரோ கிளாவேர் தேவாலயம். கிளாவேர் ஒரு இயேசு சபைத் துறவி. அடிமைக் கப்பல் வந்தால் ஆப்பிரிக்க மொழிபெயர்ப்பாளர்களைக் கூட்டிக்கொண்டு, தண்ணீரும் பழமும் மருந்துமாகக் கப்பலுக்கே இறங்கிப் போவார். 1654-இல் இறந்தார், 1888-இல் புனிதர் பட்டம். பலிபீடத்துக்கு அடியில் கண்ணாடிப் பேழையில் அவர் எலும்புகள் வெளிப்படையாகத் தெரியும், சிலருக்கு அது ஒரு மாதிரி இருக்கும், அப்பாவிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் தள்ளி இன்குவிசிஷன் மாளிகை, கத்தோலிக்க மதத்துக்கு விரோதி என்று பட்டவர்களை விசாரித்துத் தண்டித்த மன்றம் இருந்த இடம். முன்வாசலை விட, பக்கத்துச் சந்தில் திரும்பிச் சுவரில் இருக்கிற சின்ன ஜன்னலைப் பாருங்கள், மேலே ஒரு சிலுவை இருக்கும். அண்டை வீட்டுக்காரன் மேல் 'சூனியம் வைக்கிறான்', 'நம் மதத்தான் இல்லை' என்று போட்டுக்கொடுக்க வருகிறவர்களுக்கான ஜன்னல் அது. விசாரணை மன்றம் இங்கே 1610-இலேயே வந்துவிட்டது.

அந்தப் பழத்தட்டுப் பெண்களும் வெறும் அலங்காரம் இல்லை. தப்பியோடிய அடிமைகள் அமைத்த சான் பசிலியோ தே பாலென்கே என்ற ஊரின் வழி வந்தவர்கள் அவர்கள். அங்கே இன்னும் தனி மொழி பேசுகிறார்கள். போட்டோ எடுத்தால் காசு கேட்பார்கள், கேட்பது நியாயம்தான், எவ்வளவு என்று முதலில் பேசிவிட்டு எடுங்கள். சாயங்காலம் ஹெத்செமானி பக்கம் போங்கள். 1811 நவம்பர் 11 அன்று சுதந்திரம் கேட்டுக் கிளம்பிய கூட்டம் அந்தப் பேட்டையிலிருந்து வந்ததுதான், பேத்ரோ ரொமேரோ என்ற கைவினைஞர் தலைமையில். சிலை திரினிதாத் சதுக்கத்தில் இருக்கிறது. இப்போது ஹோட்டலும் பாருமாகி, பழைய குடித்தனக்காரர்கள் வாடகை தாங்காமல் காலி செய்துகொண்டிருக்கிறார்கள். அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

சுங்கச்சாவடி:
வரலாறு இருக்கட்டும், காரியத்துக்கு வருவோம். முதலில் மஞ்சள் காய்ச்சல் ஊசி. வெர்னன் படையைக் கொன்ற அதே நோய்தான், இந்தியா திரும்பும்போது கொலம்பியாவிலிருந்து வருகிறவர்களிடம் சான்றிதழ் கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைப்பார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். வயதானவர்களுக்கு இந்த ஊசியில் அபாயம் கூடுதல், அதனால் அப்பாவை டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் டிக்கெட்டே போட வேண்டும். இரண்டாவது, ஸ்பெயினிலும் ஒரு கார்த்தஹேனா இருக்கிறது, ஹோட்டல் பதியும்போது நாட்டைப் பாருங்கள், சிரிக்காதீர்கள். டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். பாரூ பக்கக் கடற்கரைகளில் 'சும்மா ருசி பாருங்க' என்று நீட்டுகிற எதுவும் சும்மா இல்லை.

சைவத்துக்குத் தேங்காய்ச் சோறு, தட்டிப் பொரித்த வாழைக்காய், பழங்கள் தாராளம். பீன்ஸ், சூப் எதுவானாலும் கறி போட்டதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், அங்கே கறித்துண்டு மிதந்தாலும் சைவம் என்று சொல்லிவிடுவார்கள்.

அரைத்தூக்கம்:
எல்லோருக்கும் நன்றி. ஊசி விஷயம் சத்தியமாகத் தெரியாது. பூனை சார், அந்த சான் பெலிப்பே கோட்டை அப்பாவால் ஏற முடியுமா? படகு ஆடுமா?

மதில்மேல்பூனை:
கோட்டைக்குப் படியை விடச் சரிவுப் பாதைதான் அதிகம், நின்று நின்று ஏறலாம். ஆனால் நிழலே கிடையாது, திறந்த உடனே போங்கள் அல்லது நான்கு மணிக்கு மேல். சுரங்கப் பாதைகள் குனிந்து இறங்க வேண்டியவை, அங்கே நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள். தூரத்தில் ஒருவர் நடக்கிற சத்தம்கூடக் காதருகில் கேட்கும், எதிரி வருவது தெரிய வேண்டும் என்றே அப்படிக் கட்டினார்களாம். முழங்கால் ரொம்பப் படுத்தினால் அடிவாரத்தில் லேசோ சிலை இருக்கிறது, அதன் பக்கத்தில் உட்கார்ந்து கோட்டையை நிமிர்ந்து பார்த்தாலே பாதி கதை புரியும்.

பிப்ரவரியில் மழை இருக்காது, காற்றுதான் பலம். விரிகுடாவுக்குள் படகு அவ்வளவாக ஆடாது, வெளிக்கடல் தாண்டி ரொசாரியோ தீவுகளுக்குப் போனால் மதியத்துக்கு மேல் தூக்கிப் போடும். அதை விட்டுவிடுங்கள், போக்காசிக்காவுக்குக் காலையிலேயே கிளம்புங்கள். இன்னொன்று, பிப்ரவரி 2 லா கந்தெலாரியா என்கிற மாதா திருவிழா, லா போப்பா குன்றின் மேல் ஊரே ஏறும். கூட்டம் பிடிக்காதென்றால் அதற்கு அடுத்த வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.