முழு உடல் பரிசோதனை: நம் நீலகிரி மலையில் பார்த்ததும் கேட்டதும்

குன்னூர், ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்:
வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருபவரிடம் "ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று கேட்டுப் பயனில்லை. "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். "டீ குடித்தீர்களா?" என்று கேட்க வேண்டும். "அது குடித்தேன், குளிர் தாங்கவில்லை" என்பார். தேயிலை விளையும் ஊரில் டீ சாப்பாட்டுக் கணக்கில் சேராது. ஒரு பெரியவர் சர்க்கரையே போடவில்லை என்று அடித்துச் சொன்னார்; வெல்லத்தைக் கடித்துக்கொண்டு குடித்திருக்கிறார்! எட்டு மணி நேரமாவது தண்ணீர் மட்டும்தான். அப்படி எடுத்த சர்க்கரை அளவு 100-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 126-ஐத் தொட்டால் இன்னொரு நாள் மறுபடி பார்த்து உறுதி செய்வார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் விழித்துக்கொள்ள வேண்டியவர்கள். அறிக்கையை மடித்துப் பீரோவில் வைத்துவிடுபவர்களும் அவர்களே.

ஜனவரியில் விறைத்த கையில் நரம்பு அகப்படாது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் அந்தக் குளிர்ந்த விரலில் குறைத்துக் காட்டிப் பயமுறுத்தும். கையைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு பாருங்கள்.

கோத்தகிரி, தேயிலை விவசாயி:
என் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் 160 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தவரை உட்காரக்கூட விடாமல் பட்டையைக் கட்டினால் வேறென்ன வரும்? அங்கிருந்த நர்ஸ் அக்கா ஒருவர் அவரை நாற்காலியில் சாய்ந்து உட்கார வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி மறுபடி பார்த்தார். 138. டீயோ காப்பியோ குடித்திருந்தால் அரை மணி நேரம் கழிய வேண்டும் என்றும் சொன்னார். இப்போது வீட்டிலேயே ஒரு கருவி வைத்திருக்கிறோம்.

கூடலூர், கிராம சுகாதாரப் பணியில் இருந்தவர்:
எங்கள் பக்கத்துக் கதை வேறு. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தியாவில் அரிவாள் செல் ரத்தத்தை (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரைக் குறை) முதலில் கண்டறிந்து எழுதியது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் விளம்பரத்தில் வரும் 'முழு உடல்' தொகுப்பு பலவற்றில் அந்தச் சோதனை இல்லை என்பது எனக்கு எரிச்சல். பணியர், இருளர், குறும்பர் குடியிருப்புகளில் இருந்து வருபவர்களுக்கு அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குழாயில் கலங்குகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை 'இருக்கிறது' என்று மட்டும் சொல்லும். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த கூறா, இருவரிடமிருந்தும் வந்த நோயா என்பதை அடுத்த கட்டச் சோதனைதான் பிரித்துக் காட்டும்.

இன்னொன்று. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி சோதனை அரிவாள் செல் நோய் உள்ளவர்களிடம் ஏமாற்றும். சிவப்பணு சீக்கிரமே அழிந்துவிடுவதால் சர்க்கரை அதில் ஒட்ட நேரமில்லை. அளவு பொய்யாகக் குறைந்து தெரியும். அப்படி 'நன்றாக இருக்கிறது' என்ற அறிக்கையோடு கால் புண் ஆறாமல் வந்த ஒரு அம்மாவைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்பும் தனித்தனியே சர்க்கரை பார்த்த பிறகே உண்மை தெரிந்தது.

ஊட்டி, பள்ளி ஆசிரியை:
கூடலூர் அக்கா சொன்னதோடு ஒன்று. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இந்த உயரத்தில் உடல் தானாகவே ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். ஆகவே ஏறத்தாழ ஒரு கிராமைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும் என்று என் மருத்துவர் விளக்கினார். எனக்கு 12.3, அச்சிட்ட அட்டவணைப்படி சரி, அவர் கணக்குப்படி ரத்தசோகை. சாப்பாட்டோடு டீ வேண்டாம், இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது என்றார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

கோத்தகிரி, தேயிலை விவசாயி:
என் தங்கைக்குத் தைராய்டு பார்க்க வேண்டும். முடி கொட்டுவதற்காக ஏதோ மாத்திரை சாப்பிடுகிறாள். பரவாயில்லையா, குன்னூர் அண்ணா?

குன்னூர், ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்:
மாத்திரை அட்டையில் பயோட்டின் (முடிக்காகச் சாப்பிடும் ஒரு வைட்டமின்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள், தம்பி. இருந்தால் தைராய்டு அளவுகள் தாறுமாறாக வரலாம். எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு ரத்தம் கொடுக்கட்டும். அந்த அட்டையையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.