மதுரையில ராத்திரி மேடை ஏறுற கலைஞர்கள் பத்தித் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கீழவாசல்காரன்:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா மனசுல கிடக்குற கேள்வி. ராத்திரி ஆட்டம் பாட்டம்னு பேச்செடுத்தாலே சென்னை, பெங்களூர், கோவா, அங்க உள்ள பப், டிஜே, யாரு மொதல்ல ஆரம்பிச்சா, எந்த ஹோட்டல்ல ஆரம்பிச்சா, எல்லாத்தையும் விலாவாரியா எழுதி வச்சிருக்காங்க. நம்ம மதுரைன்னா மட்டும் ராத்திரி ரெண்டு மணிக்கும் பரோட்டா கிடைக்கும், இட்லி கிடைக்கும்னு சாப்பாட்டோட முடிச்சிடுறாய்ங்க. ஆனா மாசி பங்குனி பொறந்துட்டா ஆடி வரைக்கும் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, பேரையூர்னு எந்தப் பக்கம் வண்டிய விட்டாலும் ஏதாவது ஒரு ஊர்ல சீரியல் செட் எரியுது, மேளம் கேக்குது, சனம் பாயப் போட்டு உக்காந்திருக்கு. இதுவும் ராத்திரி வாழ்க்கைதானே, இதுவும் ஆடுறதுக்கான இசைதானே? கரகம், நையாண்டி மேளம், வள்ளி திருமணம், ஆடல் பாடல், பாட்டுக் கச்சேரி, இதுல இருக்குறவுக எங்க இருந்து வாராக, யாருகிட்ட கத்துக்கிட்டாக, ஒரு ராத்திரி அவுகளுக்கு எப்படிப் போகும், தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவாச் சொல்லுங்க. கதை கேக்கத்தான் வந்திருக்கேன்.

கால்பெட்டி ரசிகன்:

நல்ல கேள்வி தம்பி. நீ சொன்ன வள்ளி திருமணம் மாதிரி விடிய விடிய நடக்குற ஸ்பெஷல் நாடகத்துல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுக்குத் தலைநகரமே மதுரைதான். இந்த நாடகங்களை எழுதுன வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள் 1867ல தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவரு, 1918ல மதுரையில வச்சுத்தான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைன்னு பசங்க கம்பெனி ஒண்ணு ஆரம்பிச்சாரு, பின்னாடி நாடகத்துல பெரிய பேரெடுத்த டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் புள்ளைங்களா வந்து சேந்தது அதுலதான். 1922ல பாண்டிச்சேரியில காலமாயிட்டாரு. ஆனா அவரு கட்டி வச்ச பாட்டும் வசனமும் இன்னைக்கு வரைக்கும் சோறு போடுது. மதுரையில இருக்குற நாடக நடிகர் சங்கத்துல வருசா வருசம் அவருக்குக் குருபூஜை நடத்துறாக, போய்ப் பாரு, அம்புட்டு நடிகர்களும் ஒண்ணா நிக்கிறதப் பாக்கலாம்.

இதுல எனக்கு இன்னமும் ஆச்சரியமா இருக்குறது என்னன்னா, ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகையே கிடையாது. கம்பெனியும் கிடையாது. ஊர்க்காரங்க ஏஜெண்டுகிட்ட வந்து எனக்கு ராஜபார்ட்டுக்கு இன்னாரு வேணும், ஸ்திரீபார்ட்டுக்கு இன்னாரு, பபூன் இவரு, டான்ஸ் இந்தம்மானு தனித்தனியாப் பேசி அட்வான்ஸ் குடுப்பாக. ஒருத்தர் புதுக்கோட்டையில இருந்து வருவாரு, ஒருத்தர் திண்டுக்கல்ல இருந்து வருவாரு, மேடைக்குப் பின்னாடி ஓலைத் தட்டி மறைவுல பவுடர் போடுறப்பத்தான் இன்னைக்கு நம்மளோட யாரு நடிக்கிறாங்கன்னே பாப்பாக. எல்லாருக்கும் அதே பாட்டு, அதே அடி, வாத்தியார் சொல்லிக் குடுத்தது நெஞ்சுல இருக்கு, அதனால ஆர்மோனியக்காரர் சுதி குடுத்துட்டாப் போதும், ராத்திரி பத்து மணிக்கு ஏறுனா விடியக் காலையில வள்ளிக்குத் தாலி கட்டுற வரைக்கும் ஓடும்.

அந்த ஆர்மோனியக்காரரைத்தான் யாரும் கவனிக்க மாட்டாக, அவருதான் அன்னைக்கு ராத்திரிக்கு முதுகெலும்பு. மேடைக்கு ஓரத்துல அவரு, மிருதங்கம், தாளம், அப்புறம் ஆல்ரவுண்ட். ஆல்ரவுண்ட்காரர்னா டிரம்ஸ், மணி, விசில்னு கைக்குக் கிடைச்சதையெல்லாம் வாசிக்கிறவரு, பபூன் காலைத் தூக்கி வச்சா டம்முனு ஒண்ணு விழும் பாரு, அது அவருதான். பபூனும் டான்ஸும் வாக்குவாதம் பண்ணிக்கிட்டே ஆடுற காமிக் மொதல்ல வரும், இளவட்டப் பசங்க அதுக்குத்தான் வருவாய்ங்க. நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்குற தர்க்கம் நடுச்சாமத்துக்கு மேல, அதுக்குப் பெருசுக காத்திருக்கும். அந்தத் தர்க்கத்துல ரெண்டு பேரும் சரிக்குச் சரி நின்னா கூட்டம் எந்திரிக்கவே எந்திரிக்காது.

இன்னொண்ணு, யாரும் எழுதலைன்னு நெனைக்காத. சூசன் சைசர்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் மதுரையில தங்கி இந்தக் கலைஞர்களோடயே திரிஞ்சு ஒரு புத்தகம் எழுதுனாக, 2005ல வந்துச்சு. மேடையில ஆயிரம் பேருக்கு முன்னால ஆடுற பொம்பளை, ஆட்டம் முடிஞ்சு வீட்டுக்குப் போறதுக்குள்ள என்னென்ன பாடு படுறான்னு அதுல வருது. ஊருக்குள்ள தலையக் குனிஞ்சு, சாதாரணச் சேலையில, வேன்ல உள்பக்கமா உக்காந்து போவாக. நம்ம ஊரு ஆளு ஒருத்தரு தமிழ்ல இதே அளவு எழுதணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

ஆக்டோபேட் அண்ணன்:

பாட்டுக் கச்சேரி பக்கம் நான் சொல்றேன், நான் அதுலயே கிடந்தவன். மெல்லிசைக் குழுன்னு போர்டு போடுவோம். மதுரைக் குழுன்னா ரெண்டு விசயம் கட்டாயம் இருக்கணும், ஒண்ணு டி.எம்.எஸ். குரல்ல பாடுற ஆளு, அவரு 1922ல மதுரையிலயே பிறந்தவரு, அதனால நம்ம ஊர்க்காரங்க அவர் பாட்டுல ஒரு கமகம் பிசகுனாக்கூடக் கண்டுபிடிச்சிருவாய்ங்க, இன்னொண்ணு இளையராஜா பாட்டுக்குப் பேஸ் கிட்டார் ஒழுங்கா வாசிக்கிற ஆளு, ஏன்னா பண்ணைப்புரம் இங்கிட்டுத் தேனிப் பக்கம்தானே, அவரும் அவங்க அண்ணன் பாவலர் வரதராஜனும் ஊர் ஊரா மேடை போட்டுப் பாடுன பாதையிலதான் நாங்களும் போறோம்னு எங்க சீனியர்க எல்லாம் பெருமையாச் சொல்லுவாக.

ஆக்டோபேட் வந்ததும் எல்லாம் மாறிருச்சு. அதுக்கு முன்னாடி தபேலா ஒருத்தர், டோலக் ஒருத்தர், பேங்கோஸ் ஒருத்தர், டிரம்ஸ் ஒருத்தர்னு தாளத்துக்கே ஒரு கூட்டம் வேன்ல வரும். எட்டு பேடு உள்ள ஒரு பெட்டி அத்தனையையும் எடுத்துக்கிச்சு. எனக்கு வேலை குடுத்ததும் அந்தப் பெட்டிதான், என் கூட இருந்த தபேலாக்காரருக்கு வேலையப் பறிச்சதும் அதே பெட்டிதான், அது இன்னைக்கும் எனக்கு உறுத்தலா இருக்கும், அவரு கை அப்படி ஒரு கை, பெட்டிக்குள்ள அந்தச் சத்தம் இல்ல. அப்புறம் கீபோர்டுல ரிதம் வந்து டிரம்ஸ் போச்சு, இப்ப டிராக் வந்து நாங்களும் குறைஞ்சுட்டோம். லேப்டாப்புல பாட்டைப் போட்டு மேல ரெண்டு பேரு பாடுறாங்க. ஊர்க்காரங்களையும் குறை சொல்ல முடியாது, வரி பிரிச்சு நடத்துறவங்க, பத்துப் பேருக்குச் சம்பளம் குடுக்குறதவிட ரெண்டு பேருக்குக் குடுக்குறது அவங்களுக்குச் சுலபம்.

ஆனா ஒண்ணு, சனத்தை ஆட வைக்கிறது டிராக்னால ஆகாது. மேடைக்கு முன்னாடி நிக்கிற பசங்க வேகம் எப்ப ஏறுதுன்னு பாத்து அதுக்குத் தக்கன அடியக் கூட்டணும், ஒரு அம்மா சாமி வந்து ஆட ஆரம்பிச்சா பாட்டை அப்படியே விட்டுட்டு உடுக்கைச் சத்தத்துக்கு மாறணும், அவங்க மலையேறுற வரைக்கும் நிப்பாட்டக் கூடாது. இதெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லித் தர்றது இல்ல, மேடையில பக்கத்துல நின்ன அண்ணன் கண்ணக் காட்டுவாரு, அதுதான் பாடம்.

ரேடியோ செட் போடுற தம்பிகளையும் சேத்துச் சொல்லணும். மொதல்ல வந்து கடைசியாப் போறவங்க அவங்க. மூங்கில்ல குழாய் கட்டி, ஆம்ப்ளிஃபயர் பக்கத்துலயே படுத்து எந்திரிச்சு, கரண்ட் போனா ஜெனரேட்டருக்கு ஓடி, ஒருத்தர் பேரும் போஸ்டர்ல இருக்காது.

சோழவந்தான் பொண்ணு:

நான் கரகாட்டக் குடும்பம். எங்க அம்மா ஆடுனாங்க, தாத்தா தவில். அதனால இந்தப் பேச்சு எனக்கு வீட்டுப் பேச்சு.

கரகாட்டம்னா ஒத்தை ஆளு ஆட்டம் இல்ல. நையாண்டி மேளம் ஒரு செட்டு முழுசா வரணும்: நாதஸ்வரம் ரெண்டு, தவில் ரெண்டு, பம்பை, தமுக்கு, தாளம். கோயிலுக்குள்ள வாசிக்கிறது பெரிய மேளம், அவுகளுக்கு மரியாதை தனி. மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுச்சாமி சகோதரர்கள் 1968ல வந்த தில்லானா மோகனாம்பாள் படத்துக்கு நாதஸ்வரம் வாசிச்சாக, உலகத்துக்கே தெரியும், தெரியணும். அதே நாதஸ்வரத்தைத் தெருவுல நின்னுக்கிட்டு, ஆட்டக்காரி கால் எங்க விழுதுன்னு பாத்துக்கிட்டே, ராத்திரி முழுக்க மூச்சுப் பிடிச்சு வாசிக்கிற நையாண்டிக்காரர் பேரு பக்கத்து ஊருக்குக்கூடத் தெரியாது. எங்க தாத்தா சொல்லுவாரு, தெருவுல வாசிக்கிறவனுக்குத்தான் மூச்சு ஜாஸ்தி வேணும், சுவரு இல்ல, சத்தம் திரும்பி வராது.

கரகச் செம்புக்குள்ள அரிசியோ மணலோ போட்டு எடை கட்டுவாங்க. தலையில சும்மாடு இல்லாம அதை நிக்க வச்சு, ஏணியில ஏறி, குனிஞ்சு தரையில கிடக்குற நோட்டைக் கண் இமையால எடுத்து, இதெல்லாம் சின்ன வயசுல இருந்து கழுத்தைப் பழக்குனாத்தான் வரும். எங்க அம்மாவுக்கு இப்பக் கழுத்து எலும்பு தேஞ்சு போச்சு. அதுக்கு யாரும் காப்பீடு குடுக்கல.

கூட்டத்துல தண்ணியப் போட்டுட்டு ஒரு பத்துப் பேரு முன்னால வந்து அசிங்கமாப் பாடு, பாவாடையக் குட்டையாப் போடுன்னு கத்துவாங்க. கமிட்டிக்காரங்களும் கூட்டம் கலையக் கூடாதுன்னு அதையே சொல்லுவாங்க. மறுநாள் அதே ஆளுக கரகாட்டம் கெட்டுப் போச்சுன்னு பேசுவாங்க. கேட்டது யாரு? குறவன் குறத்தி ஆட்டம் ஒரு சமூகத்தை இழிவுபடுத்துதுன்னு ஐகோர்ட்டு மதுரைக் கிளைக்குப் போய், 2023ல அரசு தடை போட்டுச்சு. அது சரியான முடிவுதான், அந்தச் சமூகத்துப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல பட்ட அவமானம் கொஞ்சமா? ஆனா அந்த வேசம் போட்டுப் பொழச்ச வயசான கலைஞர்கள் அப்புறம் என்ன பண்ணாங்கன்னு யாரும் விசாரிக்கல.

நலிந்த கலைஞர்னு மாசம் 3000 ரூபாய் அரசு குடுக்குது. அதுக்கு எழுதிப் போட ஆதாரம் கேப்பாங்க, போஸ்டர், போட்டோ, சர்டிபிகேட். வாழ்க்கை முழுக்கத் தெருவுல ஆடுன ஒரு பாட்டிகிட்ட எந்தப் போட்டோ இருக்கும்? கொரோனா அப்ப 2020, 2021 ரெண்டு வருசமும் சித்திரைத் திருவிழாவே சனம் இல்லாம நடந்துச்சு, ஊர்த் திருவிழா அத்தனையும் நின்னு போச்சு. எங்க செட்டு நாதஸ்வரக்காரர் கட்டட வேலைக்குப் போனாரு. சிமெண்டுல விரல் தோல் உரிஞ்சுருச்சு, அந்த விரலோட திரும்பி வந்து வாசிச்சாரு.

பறை தம்பி:

அக்கா எழுதுனதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் ஓடல.

பறை பத்தி ரெண்டு வார்த்தை. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025ல பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. சாவுக்கு அடிக்கிற மேளம்னு ஒதுக்கி வச்ச கருவிய ஊர் ஊராப் போய்க் காலேஜ் பசங்களுக்கும் பொம்பளைப் புள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுத்த மனுசன். அந்த அறிவிப்பு வந்தன்னைக்கு எங்க குழுவுல அழாத ஆளு இல்ல. பாட்டுப் பக்கம் பரவை முனியம்மா இருந்தாங்க, 2020ல தவறிட்டாங்க, காமராசர் பல்கலைக்கழகத்துல இருந்து நாட்டுப்புறப் பாட்டைத் தேடித் தேடிச் சேத்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அம்மாவுக்கு 2018ல பத்மஸ்ரீ கிடைச்சது. பேரு சொல்ல நமக்கும் ஆளு இருக்குதானே.

ஆட்டத்துக்கு அடிக்கிறப்ப வலது கையில அடிக்குச்சி, இடது கையில சிண்டுக்குச்சி. தோலை நெருப்புல காட்டிக் காட்டி விறைப்பாக்கணும், ராத்திரிப் பனியில சீக்கிரம் தொய்ஞ்சிரும், அதனால வைக்கோல் கட்டு ஒண்ணு எப்பவும் பக்கத்துல இருக்கும். இப்பப் பல பேரு பிளாஸ்டிக் தோலுக்குப் போய்ட்டாங்க, காய்ச்ச வேண்டாம், ஆனா அந்தச் சத்தம் காதுல குத்தும், நெஞ்சுல இறங்காது.

அண்ணாநகர்வாசி:

எல்லாம் சரிங்க. எங்க தெருவுல கூம்புக் குழாய் கட்டி ராத்திரி ஒரு மணி வரைக்கும் போடுறப்ப வீட்டுல இதய நோயாளி இருக்காங்க, பையனுக்குக் காலையில பரீட்சை. நாங்க யாருகிட்டச் சொல்றது? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல.

கால்பெட்டி ரசிகன்:

நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு சார். 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10ல இருந்து காலை 6 வரைக்கும் திறந்த வெளியில ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்குன்னு மாநில அரசு வருசத்துக்கு 15 நாளுக்கு மிகாம நடுராத்திரி 12 வரைக்கும் விலக்கு குடுக்கலாம், அவ்வளவுதான். குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 45 டெசிபல்தான் அளவு. ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டு ஒவ்வொரு திருவிழா சீசனுக்கும் மதுரைக் கிளையில மனு மேல மனு விழுது, கோர்ட்டும் ஆபாசம் கூடாது, சாதிப் பாட்டு கூடாது, இத்தனை மணிக்குள்ள முடிக்கணும்னு நிபந்தனை போட்டு அனுமதிக்குது.

ஆனா விடிய விடிய நடக்கணும்னே கட்டுன நாடகத்தைப் பன்னெண்டு மணிக்கு முடின்னா எதை வெட்டுவாங்க? காமிக்கை வெட்ட மாட்டாங்க, அதுக்குத்தான் கூட்டம். தர்க்கத்தைத்தான் வெட்டுறாங்க. நாலு தலைமுறையா மனப்பாடமா வந்த பாட்டுக, வருசக்கணக்காப் பாடாம விட்டா எந்த வாத்தியார் சிஷ்யனுக்குச் சொல்லிக் குடுப்பாரு? கூம்புக் குழாயத் தூக்கிட்டு, மேடைக்கு முன்னால உக்காந்தவங்களுக்கு மட்டும் கேக்குற மாதிரி பாக்ஸ் வச்சு, பொட்டல்ல மேடை போட்டு, நாடகத்துக்குன்னு தனியா நேரம் குடுத்தா ரெண்டு பக்கமும் நிம்மதி. சுவாமிகள் காலத்துல மைக்கே கிடையாது, தொண்டையிலதான் கடைசி வரிசை வரைக்கும் பாடுனாக.

கீழவாசல்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, குறிப்பா சோழவந்தான் அக்காவுக்கு. நான் நேர்ல போய்ப் பேசி, அவுக சம்மதத்தோட பதிவு பண்ணணும்னு இருக்கேன். எங்க இருந்து ஆரம்பிக்க?

சோழவந்தான் பொண்ணு:

பங்குனிக்கு முன்னாடியே வந்துருங்க தம்பி, சீசன் ஆரம்பிச்சிட்டா யாருக்கும் பேச நேரம் இருக்காது. மார்கழிதான் தோது, அப்ப எல்லாரும் வீட்டுல இருப்பாங்க, கையில காசும் இருக்காது, அதனால சும்மா போகாம அவங்க நேரத்துக்கு ஏதாவது குடுத்துட்டுப் பேசுங்க. வயசானவங்ககிட்ட மொதல்ல போங்க. எங்க அம்மாவுக்குப் பழைய நையாண்டி மெட்டு நிறைய ஞாபகம் இருக்கு, தவில் சொல்லோட வாயிலயே சொல்லுவாங்க. பேர் போடலாமா, போட்டோ எடுக்கலாமான்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியாக் கேளுங்க, சில பேரோட புள்ளைங்க வேலைக்குப் போற இடத்துல இந்த விசயம் தெரியாது. எடுத்த பதிவுல ஒரு காப்பிய அவங்க கையில குடுத்துருங்க, பென்ஷனுக்கு எழுதிப் போட உதவும்.

ஆக்டோபேட் அண்ணன்:

தம்பி, அந்தத் தபேலாக்காரர் இப்ப திருமங்கலம் பக்கம் இருக்காரு. வர்றப்ப சொல்லு, நானும் கூட வர்றேன்.