பாமினியில் வந்த கதைகளை யூனிகோடுக்கு மாற்ற உதவி வேண்டும்

எங்கள் பல்கலைக்கழகச் சிறுகதைப் பட்டறையில் மாணவர்கள் எழுதிய 14 கதைகளைத் தொகுப்பாக்குகிறோம். வெளியீடு இன்னும் 12 நாளில், யாழ்ப்பாணத்தில். எல்லாம் வேர்ட் கோப்புகள். தமிழ் பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளின் குறியீட்டிலேயே தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துரு; யூனிகோடில் தமிழுக்குத் தனிக் குறியீடு உண்டு), இடையிடையே ஆங்கிலச் சொற்கள் டைம்ஸ் நியூ ரோமனில்.

இணைய மாற்றியில் போட்டால் ஆங்கிலச் சொற்களும் பொருளில்லாத தமிழ் எழுத்துகளாகிவிடுகின்றன. வேர்டில் எழுத்துருவை வைத்துத் தேடி, பாமினிப் பகுதிகளை மட்டும் நகலெடுத்தேன். ஒட்டியபோது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன, எது எந்த இடம் என்று தெரியவில்லை. அப்புறம் ஒரு கதையைக் கையால் திருத்தினேன். இரண்டு இரவு போனது. பலருக்கு இதுதான் அச்சில் வரும் முதல் கதை, ஓர் எழுத்துகூடப் பிழையாக வரக்கூடாது. விண்டோஸ் 10, வேர்ட் 2016.

ஆங்கிலத்தைத் தொடாமல், பாமினியில் உள்ளதை மட்டும் அந்தந்த இடத்திலேயே மாற்றும் மேக்ரோ (வேர்டுக்குள் இயங்கும் சிறு நிரல்) யாரிடமாவது இருக்கிறதா?