காலில் பிளேட்டோடு மறுபடி ஜம்ப்: பழைய 150 கேனபியா, பெரியதா?

கயல்_மிட்ராண்ட்

எல்லோருக்கும் வணக்கம். போன வருஷம் அக்டோபரில் விமானத்திலிருந்து குதித்து, கேனபியில் (பாராசூட்டில்) இறங்கும்போது என் இடது கணுக்கால் மூன்று இடத்தில் உடைந்தது. ஒரு பிளேட், 7 ஸ்க்ரூ. 11 வாரம் காலை ஊன்றவே இல்லை. இப்போது எலும்பு டாக்டர் ஓடலாம், குதிக்கலாம் என்று சொல்லிவிட்டார். பிசியோவில் அந்த ஒற்றைக் காலிலேயே 20 தடவை குதிகாலைத் தூக்கி இறக்குகிறேன். 14 மாதமாக விமானத்தைத் தரையில் நின்று பார்த்தது போதும். திரும்பிப் போக வேண்டும்.

மொத்தம் 380 ஜம்ப். கிட்டத்தட்ட எல்லாமே தென்னாப்பிரிக்காவின் ராபர்ட்சனில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர்தான் உயரம். வேலைக்காக ஜோபர்க் வந்தபின், ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் 1,500 மீட்டர் உயர ட்ராப் ஸோனில் (ஜம்ப் செய்து இறங்கும் இடத்தில்) அது என் ஆறாவது ஜம்ப். நடுப்பகல், 32 டிகிரி, காற்றே இல்லை. கடைசி நேரத்தில், காற்றின் திசை காட்டும் துணிப்பை லேசாகத் திரும்பியது. நானும் திரும்பலாம் என்று 30 மீட்டர் உயரத்தில் வலது டாகிலை (கேனபியைத் திருப்பும் பிடியை) இழுத்தேன். கேனபி நிமிர்வதற்குள் தரை வந்துவிட்டது. தப்பு என்னுடையது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்றைக்கு எல்லாமே நான் பழகியதைவிட வேகமாக நடந்தது.

என் கேனபி 150 சதுர அடி, ஒன்பது செல் (காற்று நிரம்பும் அறை). அப்போது 64 கிலோ இருந்தேன், இப்போது 71. ரிக் (முதுகில் மாட்டும் முழு பாராசூட் செட்) 11 கிலோ. கிளப்பில் ஒருவர், "பழகின கேனபிதான் பாதுகாப்பு, 150-ஐயே போடு" என்கிறார். இன்னொருவர் 210-க்குக் குறையாதே என்கிறார். கண்டெய்னர் (கேனபியை மடித்து வைக்கும் முதுகுப்பை) 150-க்குத் தைத்தது. புது செட் முழுதாக வாங்க இப்போது பணம் இல்லை.

அம்மா வெருலத்தில் இருக்கிறார். என் காலுக்காக மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, ஈஸ்டர் திருவிழாவில் வேண்டுதலைச் செலுத்தியும் வந்துவிட்டார். போகாதே என்று அவர் சொல்லவில்லை. "போறதுன்னா போ, முழுசா இறங்கி வா" என்றார். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

பேக்கிங்_மேசை

தங்கச்சி, "எல்லாமே வேகமாக நடந்தது" என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் உன் பதில் இருக்கிறது. 1,500 மீட்டரில் 32 டிகிரி என்றால், காற்று 2,400 மீட்டர் உயரத்துக் காற்றைப் போல மெலிந்துவிடும். கடலோரத்தில் 15 டிகிரியில் பறப்பதைவிட அதே கேனபி சுமார் 13 சதவீதம் வேகமாகப் போகும், வேகமாகவும் இறங்கும். எதிர்க்காற்றும் இல்லாததால் அந்த வேகம் அப்படியே தரைக்கு வந்திருக்கிறது.

இப்போது உன் எடை. 82 கிலோ, அதாவது 181 பவுண்டு. 150-இல் விங் லோடிங் (கேனபியின் ஒரு சதுர அடிக்கு எத்தனை பவுண்டு என்பது) 1.2. விபத்து நாளில் அது 1.1-தான், அன்றைக்கே உனக்கு அது அதிகம். 170-இல் 1.06, 190-இல் 0.95. வேகம் விங் லோடிங்கின் வர்க்கமூலத்தோடு ஏறி இறங்கும். 150-இலிருந்து 190-க்குப் போனால் 11 சதவீதம் குறையும். அதாவது, வெயில் நாளில் ஹைவெல்டில் 190-இல் பறப்பதும், குளிர்ந்த நாளில் கடலோரத்தில் 150-இல் பறப்பதும் ஏறக்குறைய ஒரே வேகம். "பழகின கேனபி" என்று உன் நண்பர் சொல்வது, இங்கே உனக்கு 190.

150 கண்டெய்னரில் 190-ஐத் திணிக்காதே. 170-ஐயே ரிக்கர் (பாராசூட்டைச் சோதித்து மடிப்பவர்) பார்த்துச் சரி என்றால்தான். இறுக்கமாக அடைத்தால் கண்டெய்னரை மூடியிருக்கும் ஊசி (pin) இழுபடக் கஷ்டப்படும், கேனபி இருக்கும் பை வெளியே வரத் தாமதமாகும். கிளப் ரிக்கை வாடகைக்கு எடு. முதல் 20, 30 ஜம்புக்கு அதற்கு ஆகும் பணம் புது செட்டின் விலைக்குப் பக்கத்திலேயே வராது.

நீ கேட்காத ஒன்று: உன் ரிசர்வ் (அவசரத்துக்கான இரண்டாவது கேனபி) எத்தனை சதுர அடி? மெயின் கேனபி கோளாறாகி அதைக் கழற்றிவிட்டால் அந்தக் கால் ரிசர்வில்தான் இறங்க வேண்டும். ரிசர்வின் கார்டைப் பார்த்துச் சொல்.

குதிகால்_டர்பன்

கயல், எனக்கு 2016-இல் குதிகால் எலும்பு நொறுங்கியது. அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் 30 மீட்டரில் டாகிலை முழுதாக இழுத்தால் 190-ம் சாய்ந்துதான் இறங்கும். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது இரண்டாவது தடவை அடிபட இருந்த ஒரு நாள். பக்கக் காற்றில், நேராக, இறக்கை சமமாக இருக்கும்படி இறங்கினால் கால் உடைவது அபூர்வம். அப்படி இறங்க மனம் ஒத்துக்கொள்ள எனக்கு நாளாயிற்று. முதல் சில ஜம்பில் சீக்கிரம் திற, மேலேயே பாதி பிரேக்கில் தட்டையாகத் திரும்பிப் பழகு, மேலேயே பத்து ஃபிளேர் (இரண்டு டாகிலையும் சேர்த்து இழுத்து வேகம் குறைப்பது) போட்டுப் பார். பெரிய கேனபியில் ஃபிளேர் நீளமானது, கை கடைசிவரை போக வேண்டும். பழைய பழக்கத்தில் பாதியில் நிறுத்தினால் தடால் என்று உட்காருவாய்.

பெரிய கேனபிக்கு ஒரு குறையும் உண்டு. காற்று பலமானால் அது முன்னே போகாது, நின்ற இடத்திலேயே தொங்கும். அதனால் அதிகாலை லோடுகளில் (விமானம் ஏற்றிப்போகும் முறைகளில்) ஏறு. பிற்பகல் இடிமழைக்கு முன்னால் வரும் காற்றிலும், புழுதிச் சுழல் எழும் நாளிலும் தரையிலேயே இரு.

இன்னொன்று. அடிபட்ட காலைக் காப்பாற்ற நல்ல காலை மட்டும் நீட்டத் தோன்றும். எனக்குத் தோன்றியது. இரண்டு பாதமும் ஒட்டி, முட்டி லேசாக மடங்கி உருளும் பயிற்சியை மேசை உயரத்திலிருந்து தினமும் செய். பிசியோவிடம் சொல்லிவிட்டே செய்.

செவ்வானம்

ஏழு செல் பார்த்தீர்களா? திறப்பு மென்மை, இறங்கும் கோணமும் கொஞ்சம் செங்குத்து.

பேக்கிங்_மேசை

நல்ல கேனபிதான். ஆனால் அவளுக்கு ஒன்பது செல் ஃபிளேர்தான் கையில் இருக்கிறது. திரும்பி வரும்போது ஒரே நேரத்தில் அளவு, வகை இரண்டையும் மாற்ற வேண்டாம்.

கயல்_மிட்ராண்ட்

அண்ணா, கார்டைப் பார்த்தேன். ரிசர்வ் 143. கணக்குப் போட்டால் 1.27 வருகிறது. இத்தனை நாள் மெயினைப் பற்றி மட்டுமே தூக்கம் கெட்டுக்கொண்டிருந்தேன்.

சீஃப் இன்ஸ்ட்ரக்டரிடம் பேசினேன். கிளப்பில் ஒன்பது செல் 190 ஒன்று இருக்கிறதாம், அதில் ரிசர்வ் 193. சனிக்கிழமை முதல் லோடில் தனியாக, தரையிலிருந்து 1,500 மீட்டர் மேலே திறப்பு, மேலே ஃபிளேர் மட்டும். என் 150-ஐ விற்கப் போகிறேன். கண்டெய்னரை ரிக்கரிடம் கொடுத்து, சுருக்கமாக மடியும் 160 ரிசர்வ் அதில் அடங்குமா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

குதிகால் அண்ணா, மேசையிலிருந்து உருள இன்றைக்குத் தொடங்கினேன். பிசியோ பக்கத்தில் நின்றார். 12 தடவை. இடது கால் முதல் மூன்றில் பின்வாங்கியது, அப்புறம் சேர்ந்து வந்தது.